கடைசித் தாளின் தேதி

என் மாமியாருக்கு என்மேல் ஒரே ஒரு குறைதான். "ஊர் ஃபைலையெல்லாம் உட்கார்ந்து ஒட்டுறா. வீட்டு ஃபைலைக் கொண்டுவரத் துப்பில்லை." சமையலிலோ பிள்ளை வளர்ப்பிலோ ஒரு சொல் சொல்ல மாட்டார். இந்த ஒன்றை மட்டும் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் தேசிய ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். அரசாங்கம் எழுதித் தீர்த்த காகிதமெல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து விழும். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி, பூச்சிக்குப் புகை போட்டு, கிழிசலில் மெல்லிய தாள் ஒட்டி, பெட்டியில் வைத்துக் குளிரூட்டிய கிடங்கில் அடுக்குவோம். செப்பனிடும் பிரிவில் பசையும் தூரிகையுமாகக் கிடந்த என்னைப் போன வருடம் பார்வைப் பிரிவுக்கு மாற்றினார்கள். எந்தக் கோப்பைப் பொதுமக்கள் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற பிரிவு அது. அன்றிலிருந்து அத்தையின் பேச்சில் சுருதி ஏறிவிட்டது.

அத்தை கேட்கும் கோப்பு ஒரு பாலத்தைப் பற்றியது. சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஆற்றின்மேல் ஒரு நடைபாலம் இருந்தது. என் மாமனார் பாலங்கள் துறையில் சோதனையாளர். தூணைத் தட்டிப் பார்ப்பதும் கம்பியை உலுக்கிப் பார்ப்பதும்தான் அவர் வேலை. ஒரு சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரத்தில், அந்தப் பாலம் ஆற்றில் விழுந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், காய்கறிப் பையோடு நடந்தவர்கள் என்று எத்தனையோ பேர் செத்தார்கள்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது, எழுந்தது, அறிக்கை எழுதியது. அறிக்கை வெளியில் வரவில்லை. ஊர் வாய் அதுவரை காத்திருக்குமா? 'பார்க்க வேண்டியவன் பார்க்கலை' என்று அது தீர்ப்பே சொல்லிவிட்டது. மாமனாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. அந்தரத்தில் தொங்கியபடியே மனிதர் போய்ச் சேர்ந்தார். அத்தை தையல் கடை வைத்திருந்தார். அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள்கூட வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்களாம். என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் 'உடைஞ்ச பாலம்' என்று பட்டப்பெயர். இன்றைக்கும் பழைய கூட்டாளிகள் யாராவது தெருவில் "டேய் பாலம்!" என்று கூப்பிட்டால் இவர் சிரித்துக்கொண்டுதான் திரும்புவார். வீட்டுக்கு வந்தபின் அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார்.

சாவதற்கு முன் மாமனார் அத்தையிடம் ஒன்று சொல்லியிருந்தார். "பாலத்தை மூடச் சொல்லி நான் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன். ஃபைல்ல இருக்கு."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை இத்தனை வருடம் தலைநிமிர்ந்து நடக்கிறார். கோப்பு முப்பது வருடம் மூடியிருக்கும், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது சட்டம். அத்தையா சும்மா இருப்பார்? பாலம் விழுந்த மாதம் வந்தால் போதும், ஒவ்வொரு வருடமும் காப்பகத்துக்கு ஒரு மனு போகும். காய்ச்சலில் கிடந்த வருடமும் படுத்துக்கொண்டே எழுதினார். பதிலும் தவறாமல் வரும். 'தங்கள் மனு உரிய கோப்பில் சேர்க்கப்பட்டது. காலம் வரும்போது கோப்பு திறக்கப்படும்.'

காலம் இந்த ஆண்டு வந்தது.

வருடப் பிறப்பு முடிந்து அலுவலகம் திறந்ததும், அந்த ஆண்டு திறக்கும் கோப்புகளின் பட்டியலை வாசலில் ஒட்டுவோம். சொந்தக்காரர் கோப்பை நோண்டக் கூடாது என்பதால், அதுவரை நான் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. அன்று காலை அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்குத் திறந்துடுவாங்கல்ல?"

"திறந்துடுவாங்க அத்தை. பட்டியலைப் பார்த்துட்டு ஃபோன் பண்றேன், நீங்க கிளம்பி வாங்க."

பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். கோழித்தீவன இறக்குமதி இருந்தது. ஒரு அமைச்சர் வீட்டு வாசல் விளக்கு இருந்தது. அரசு அலுவலக நாற்காலிகளின் உயரம் பற்றிய கோப்பு, மூன்று தொகுதிகள், இருந்தது. பாலம் இல்லை. கணினியில் தேடினேன். திறக்கும் ஆண்டு என்ற இடத்தில், இன்னும் ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து ஒரு ஆண்டு போட்டிருந்தது.

தட்டச்சுப் பிழை என்று நினைத்து, பெட்டியைக் கேட்டு ஒரு சீட்டு எழுதிக் கிடங்குக்குக் கொடுத்தேன். கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு நாடா அண்ணன் என்று பெயர். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் துளை போட்டு நாடாவில் கோத்துவிடுவார். அவரிடம் சாப்பாட்டுச் சீட்டைக்கூட அசந்து மறந்து நீட்ட முடியாது.

பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூடிய கோப்பின் உள்ளே நான் பார்க்கக் கூடாது, அட்டையைப் பார்க்கலாம். அட்டையில் 'முதல் தாளின் தேதி', 'கடைசித் தாளின் தேதி' என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கட்டத்தில் ஒரு தேதியை அடித்து அடுத்த வருடத் தேதி, அதை அடித்து அதற்கடுத்த வருடத் தேதி என்று நீலமும் கருப்புமாக அடித்து அடித்து, கட்டத்தைத் தாண்டி அட்டையின் ஓரம்வரை போயிருந்தது.

"என்ன அண்ணே இது?"

"அதுவா? யாரோ ஒரு அம்மா வருஷா வருஷம் மனு போடுறாங்க மேடம். ஒரு ஃபைலைப் பத்தி எந்தக் காகிதம் வந்தாலும் அந்த ஃபைல்லயே சேர்க்கணும்ல? நாங்க ஒரு வருஷம்கூட விட்டதில்லை. வந்த அன்னைக்கே கோத்து, தேதியை மாத்திடுவோம்."

"திறக்குற வருஷத்தை எதை வச்சுக் கணக்குப் போடுறீங்க?"

"கடைசித் தாளோட தேதியிலேருந்து முப்பது வருஷம். அதானே விதி?"

இரண்டுமே நல்ல விதிகள். ஒரு விஷயத்தின் காகிதங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் சரி. விஷயம் முடிந்து முப்பது வருடம் ஆன பிறகுதான் திறக்க வேண்டும் என்பதும் சரி. எந்தப் புண்ணியவான் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்தானோ! அத்தை 'திற, திற' என்று தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் கதவுக்கு உள்ளே புதிதாக ஒரு பூட்டு விழுந்திருக்கிறது. இதை ஒருவராவது, பதில் கடிதத்தில் ஒரு வரியாகவாவது, அவருக்குச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நாடா அண்ணன் பேனாவை எடுத்து அட்டையில் எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க குடுத்த சீட்டு மேடம். கோத்துட்டேன். இன்னைக்குத் தேதி போட்டாச்சு."

"ஐயோ, அண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் படிப்பறையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

நேராக இணை இயக்குநர் அறைக்குப் போனேன். அவரை நாங்கள் 'எழுத்துல சார்' என்போம். கூரை ஒழுகுகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும் "எழுத்துல குடுங்க" என்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அநியாயம்மா இது. கண்டிப்பா ஏதாவது செய்யணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க..."

"எழுத்துல மட்டும் கேட்காதீங்க சார்."

"எழுத்துல இல்லாம நான் எப்படி மேல அனுப்புறது?"

"நான் எழுதினா அதுவும் அந்த ஃபைலுக்குள்ளதானே போகும்? தேதி மாறும்ல?"

யோசித்தார். "ஆமா. போகத்தான் செய்யும்."

"நீங்க மேல எழுதுற கடிதம்?"

"அதோட நகலும் போகும்."

"அமைச்சகத்துலேருந்து வர்ற பதில்?"

"அது இல்லாமலா? அதுதானே முக்கியம்." சொல்லிவிட்டு அவரே விழித்தார். "சரி, அந்த மனுக்களையெல்லாம் எடுத்து வேற ஃபைல்ல வைக்கலாம்னா, சேர்த்த தாளை வெளியில எடுக்குறது குற்றம். ஜெயிலுக்குப் போகணும். அதுவும் உங்க மாமியார் ஃபைல். யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

தாளை உருவுவதா? அதைக் கேட்கவே எனக்கு உடம்பு கூசியது. கிழிந்த மூலையைக்கூடக் கீழே போடாமல் ஒட்டி வைத்த கை இது. ஆனாலும் அன்று அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, அந்தக் கட்டிடத்தையே நாடாவில் கோத்து ஆற்றில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பகலெல்லாம் அத்தை ஃபோன் பண்ணிப் பண்ணிப் பார்த்திருந்தார், நான் எடுக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"திறக்கலை."

"இல்லை அத்தை."

"ஏன்?"

சொன்னேன். மென்று முழுங்கிச் சொல்லியிருக்கலாம், எனக்கு அது வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, பாதி தைத்த சட்டைக் கையைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்போ நான் எழுதாம வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?"

நான் பையை ஆணியில் மாட்டினேன்.

"சொல்லும்மா. வாய்ல என்ன வச்சிருக்க?"

"இந்த வருஷம் திறந்திருக்கும் அத்தை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கணவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

"விடும்மா. இனிமே திறந்து என்ன ஆகப்போகுது?" என்றார் அவர்.

"உனக்கு ஒண்ணும் ஆக வேண்டாம்டா. எனக்கு ஆகணும்" என்றார் அத்தை. குரல் உடைந்துவிட்டது. "எழுதிக் குடுத்தேன்னு உங்கப்பா சொன்னாரு. நானும் ஊரெல்லாம் சொன்னேன். ராத்திரி படுத்தா, ஒருவேளை எழுதலையோன்னு தோணும். என் மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சொல்லிட்டுப் போயிட்டாரோன்னு தோணும். புருஷனைச் சந்தேகப்பட்டுக்கிட்டே நான் சாகணுமா?"

இத்தனை வருடத்தில் அவர் அந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். என் கணவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை மூக்கைச் சிந்திவிட்டுப் பழைய குரலுக்கு வந்தார். "அத்தனை மனுவையும் ஒரே கட்டாவா குத்தி வச்சிருக்கானுங்க?"

"மனு மட்டும் இல்லை அத்தை. ஒவ்வொரு மனுவுக்கும் அவங்க எழுதின குறிப்பு, பதிலோட வரைவு, நகல், தபால் ரசீது, எல்லாம் சேர்ந்து தலைகாணி மாதிரி இருக்கு."

"கருமம். அவ்வளவு தடிமன்ல ஊசியே இறங்காதே, அந்த நாடா எப்படித் தாங்குது?" என்று கேட்டுவிட்டு, பாதி தைத்த சட்டைக் கையை மிஷினில் வைத்து மிதிக்கத் தொடங்கினார்.

தாங்கவில்லை. காலையில் என் கண்ணாலேயே பார்த்தேனே! துளைகள் கிழிந்து, கீழ்த்தாள்கள் நாடாவை விட்டு வெளியே வந்து, அட்டை முதுகு பிளந்து கிடந்தது. என் ஆத்திரத்தில் அதைப் பார்த்தும் பார்க்காதவளாக இருந்திருக்கிறேன். செப்பனிடும் பிரிவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! அளவுக்கு மீறித் தடித்த கோப்பு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? இரண்டு தொகுதியாகப் பிரிப்போம். நாற்காலி உயரக் கோப்பை மூன்றாகப் பிரித்ததே நான்தான். நடுவுக்குப் பக்கமாக, ஒரு விஷயம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். தொகுதிக்கு ஒரு அட்டை. அட்டைக்கு ஒரு முதல் தாள், ஒரு கடைசித் தாள்.

"அத்தை!" என்று கத்தினேன். மிஷின் நின்றது. "நீங்க ஒரு வருஷம் விடாம எழுதினதுதான் நல்லதாப் போச்சு!"

"பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு?" என்றார் அத்தை.

மறுநாள் செப்பனிடும் பிரிவுக்குப் போனேன். அங்கே எனக்கு மூத்தவர் பசை அக்கா. கோதுமைப் பசை காய்ச்சுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்பதால் அந்தப் பெயர். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னேன்.

"அக்கா, பாலம் ஃபைல் முதுகு பிளந்து கிடக்கு. ஏன் இவ்வளவு நாளா யாரும் எடுத்துப் பார்க்கலை?"

"யாரும் சொல்லலையே. கொண்டுவரச் சொல்லு."

"நான் தொட மாட்டேன் அக்கா. எங்க வீட்டு விவகாரம். நீங்களே பார்த்து, எங்க பிரிக்கணுமோ அங்க பிரிங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கோப்பைப் பிரித்தால் செப்பனிடும் பிரிவின் பதிவேட்டில்தான் எழுதுவார்கள், கோப்புக்குள் ஒரு தாளும் சேராது. அந்த வாரமே வேலையை முடித்தார். விசாரணை அறிக்கையோடு முதல் தொகுதி முடிந்தது. அத்தையின் முதல் மனுவில் இரண்டாம் தொகுதி தொடங்கியது. தாள்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூடக் கூடவில்லை. புது அட்டைகளின் தேதிகளை நாடா அண்ணன் கணினியில் ஏற்றியதும், முதல் தொகுதி இந்த ஆண்டு திறக்கிறது என்று அது தானாகவே காட்டியது.

முதல் தொகுதியைச் சேர்த்த துணைப் பட்டியல் கையெழுத்துக்குப் போனபோது எழுத்துல சார் என்னைக் கூப்பிட்டார். விதிப் புத்தகம் மேசைமேல் விரிந்திருந்தது. முன்னும் பின்னும் புரட்டியிருப்பார் போல.

"இதுல தப்பு எதுவும் தெரியலை" என்றார், தப்பு இல்லாததே பெரிய தப்பு மாதிரி. "ஆனா யாராவது ஏன்னு கேட்டா?"

"எழுத்துல கேட்கச் சொல்லுங்க சார்."

முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அத்தையைப் படிப்பறைக்குக் கூட்டிவந்தேன். என் கணவர் வாசல்வரை வந்தார், உள்ளே வர மாட்டேன் என்று தெருவிலேயே நின்றுவிட்டார். நீளமான மேசை, பச்சை விரிப்பு, கோப்பைச் சாய்த்து வைக்கப் பஞ்சுத் திண்டு. நாடா அண்ணன் கோப்பை இரண்டு கையாலும் ஏந்திவந்து வைத்தார். ஈரம், பூச்சி, வெயில் எதுவும் அண்டாமல் தாள்கள் அப்படியே இருந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நானே தாள்களைத் திருப்பினேன். கட்டுமான வரைபடம். வண்ணம் பூசிய செலவு. இன்னும் சில தாள்கள். அதற்கப்புறம் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது அவர் கையெழுத்து."

பாலம் விழுவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி. 'வடக்குத் தூணின்மேல் தாங்கு கம்பிகள் அறுந்துள்ளன. மக்கள் நடமாட்டத்தை இன்றே நிறுத்திப் பாலத்தை மூட வேண்டும்.' இன்றே என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"எழுதியிருக்காரு" என்றார் அத்தை. "பாரும்மா, எழுதியிருக்காரு. பொய் சொல்லலை மனுஷன்." அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் அத்தையின் விரல் தாளின் ஓரத்துக்குப் போனது. அங்கே பச்சை மையில், சாய்வாக, அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அத்தைக்கு அது சரியாகத் தெரியவில்லை.

"இது என்ன?"

"மேலதிகாரி எழுதினது அத்தை."

"என்ன எழுதியிருக்கான்?"

"'பார்த்தேன். கோப்பில் சேர்க்கவும்.'"

"சேர்த்துட்டாங்களா?"

"சேர்த்துட்டாங்க."

"அப்புறம்?"

அடுத்த தாளைத் திருப்பினேன். பாலம் விழுந்த அன்று மாலை காவல் நிலையத்திலிருந்து வந்த செய்தி அது. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. துளைகூட நேராக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக இருந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். மாமனாரின் தாளைத் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். பழைய துணியின் நெசவு பார்ப்பதுபோல அதன் ஓரத்தை விரலால் தடவினார். தொடக் கூடாது என்பது படிப்பறை விதி. நாடா அண்ணன்கூடத் தடுக்கவில்லை.

"அன்னைக்கு அத்தனை பேர் செத்தாங்களே. அப்பவும் இது இங்கதானே இருந்துச்சு?"

"பாலங்கள் துறையில இருந்துச்சு அத்தை. அப்புறம் இங்க வந்துச்சு."

"ஒரு கிழிசல் இல்லை. ஒரு கறை இல்லை." என்னைப் பார்த்தார், நாடா அண்ணனைப் பார்த்தார், சுவரோரம் கூரைவரை நின்ற பெட்டிகளைப் பார்த்தார். "எவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்கடி."